தொண்ணூற்றேழு சதவீதக் கட்டி

பத்து நாளாக மண்டையிடி. தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று. ஆனால் ஃபிலிமைப் பார்க்க டாக்டருக்கு அடுத்த வாரம்தான் நேரமாம். அதுவரை நான் உயிரோடு இருக்க வேண்டாமா? அதைப் பீரோக் கண்ணாடி மேல் கிளிப் போட்டு மாட்டி, போக வர முறைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடியவே மறைச்சாச்சா? நல்லா இருக்கு!" என்று முணுமுணுத்தபடி என் மனைவி அபிராமி குளிக்கப் போனாள்.

மகள் ஜ்யோத்ஸ்னா கல்லூரியில் நியூரல் நெட்வொர்க் படிக்கிறாள். ஆயிரக்கணக்கான ஸ்கேன்களைக் காட்டி, கட்டியைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறாளாம்.

"என்னோடதையும் பாரும்மா, ஜல்தி!" என்றேன்.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்தாள். கம்ப்யூட்டர் ஓரிடத்தில் சிவப்பு வட்டம் போட்டது. கட்டி. தொண்ணூற்றேழு சதவீதம்.

"டென்ஷன் வேண்டாம்ப்பா, நான் பழக்கின மாடல் இன்னும் கச்சாதான்" என்றாள். யார் கேட்டது? பரீட்சையில்கூட நான் இத்தனை சதவீதம் வாங்கியதில்லை.

என் அலறல் கேட்டு அபிராமி ஈரத்தலையோடு ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாகப்போகிறவனுக்கு எதற்கு ஒளிவுமறைவு?

"மன்னிச்சிடு அபிராமி. என் சுகருக்காக நீ கட்டிக்கொடுக்கிற கேழ்வரகு தோசைய ஆறு வருஷமா நான் தொட்டதே இல்ல. ஆபீஸ்ல இராஜமாணிக்கம்தான் சாப்பிடுறான். நான் லோதி ரோட்டுக் கடையில எண்ணெய் சொட்டுற சோலே பட்டூரா. கூடவே ஜிலேபி."

அவள் ஃபிலிமை வாங்கி உற்றுப் பார்த்தாள். தன் வெறும் நெற்றியைத் தடவினாள். பிறகு நகத்தால் ஃபிலிமைச் சுரண்டினாள். கட்டி பெயர்ந்து வந்தது. அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

"குளிக்கப் போறப்ப பொட்ட எடுத்துக் கண்ணாடியில ஒட்டுவேன்ல? கைப்பழக்கம்."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல!" என்று குதித்தேன்.

"கட்டி இல்ல. ஜிலேபி எத்தன?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னதோடு சரி. பாவி மகள்தான் விடவில்லை. சட்டையில் பட்டூரா எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க மாடலுக்குப் புதுப் பாடம் நடத்தினாள். அதற்காக என் பழைய சட்டைகளில் அபிராமியே எண்ணெய் தெளித்துக் கொடுத்தாள். வேறு வழி? தோசையை நானே தின்றேன். பசித்த இராஜமாணிக்கம் பட்டூராக் கடைக்குப் போக ஆரம்பித்தான்.

நேற்று மழையில் தொப்பலாக நனைந்துவிட்டேன். ஆபீசில் இராஜமாணிக்கம் வைத்திருந்த மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். ஜ்யோத்ஸ்னா வாசலிலேயே போட்டோ எடுத்தாள். தொண்ணூற்றொன்பது சதவீதம்.

"சத்தியமா தோசைதான் சாப்பிட்டேன்!" என்று கத்தினேன். இந்த முறையும் அபிராமி சட்டையிலிருந்த கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பெயர்ந்து வரவில்லை.