தலைக்கு ஊற்றிய தண்ணீர்

நர்ஸ் சினேகா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஆதிமூலத்தின் கழுத்தில் இருந்த குழாயைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி வெள்ளையம்மாளும் பார்த்தாள். டயாலிசிஸ் செய்யப் போட்ட குழாய் அது. அதன் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல, வேங்கிக்காலில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஏற்பாடு வந்திருந்தது. ஆதிமூலத்தின் பெயர் சிவப்பில் வந்துவிட்டது.

"கிருமி வந்துடுச்சுனு சொல்லலைங்க ஐயா. வரலாம்னு சொல்லுது. சுகர் ஜாஸ்தியா இருக்கு, குழாய் போட்டும் நாளாச்சு. கட்டு ஏதாவது நனைஞ்சுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் ஆதிமூலம். "மழை வரும்னுகூடத்தான் டிவியில சொல்றாங்க. எங்க அடி அண்ணாமலையில ஒரு சொட்டு விழல."

பொய் சொல்லும்போதும் வாய்க்கொழுப்புக்குக் குறைச்சல் இல்லை. யாருக்காகச் சொல்கிறார் என்பது வெள்ளையம்மாளுக்குத் தெரியும். போன வாரம் பக்கத்துத் தெரு இருசப்பன் சாவுக்குப் போய் வந்தவரை வாசலிலேயே நிறுத்தியவள் அவள்தான். சாவு வீட்டுக்குப் போனவர் தலை முழுகாமல் எப்படி உள்ளே வருவது? கழுத்தில் தண்ணீர் படக்கூடாது என்றார்களே என்று அவர் இழுத்தார். அவள் விடவில்லை. துணிக்கடை பிளாஸ்டிக் பையைக் கழுத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, அவளே குடம் குடமாக ஊற்றினாள். பை அவிழ்ந்துகொண்டது. ஊறிப்போன கட்டைப் பிய்த்து, முந்தானையால் ஒற்றி, மருந்துக்கடைப் பிளாஸ்திரியை ஒட்டினாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். மனிதர் அதை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சுதும்மா," என்றாள். "நான்தான் தலைக்கு ஊத்தினேன்."

சினேகா திட்டியிருந்தால் தேவலை. கையுறையை மாட்டிக்கொண்டு பிளாஸ்திரியைப் பிரித்தாள். குழாயைச் சுற்றிச் சிவந்திருந்தது. உடம்பும் லேசாகச் சுட்டது. டாக்டர் வந்தார். ரத்தம் எடுத்தார்கள், புதுக்கட்டுப் போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். கிருமி இருக்கிறதா என்று தெரிய இரண்டு நாளாகும் என்று சொல்லி அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு நாளும் வெள்ளையம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தன் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டோமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. ஜன்னலில் அண்ணாமலை மலை தெரிந்தது. கும்பிடக் கை வரவில்லை. சாஸ்திரம் சம்பிரதாயம் என்று பார்த்துத்தானே இவ்வளவும் என்று சாமி மேல் கோபமாகக்கூட இருந்தது.

"என்னா நீ, செத்தது இருசப்பன், என்னிய பொணத்தப் பாக்குறாப்பல பாத்துனு இருக்க," என்றார் ஆதிமூலம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை சினேகா வந்தாள்.

"ரத்தத்துல கிருமி இல்லம்மா. தோலோட நின்னுடுச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல இன்னும் சிவப்புதான். கழுத்துக் குழாய எடுக்குற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்."

வெள்ளையம்மாள் தலையை ஆட்டினாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். சினேகா போன பிறகுதான் அவளுக்குப் பசி தெரிந்தது, காதை அடைக்கும் பசி. கட்டில் ஓரத்தில் ஆஸ்பத்திரித் தட்டில் இட்லி இருந்தது. அவர் சாப்பிட்டுக் கை கழுவாமல் தான் சோற்றில் கை வைத்தறியாதவள், தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அது எனக்கு வந்தது."

"இருங்க," என்றாள், வாய் நிறைய இட்லியோடு. கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அடுத்த இட்லியைப் பிட்டாள்.