சோழியில் பன்னிரண்டு

என் புருஷன் கஸ்பாருக்குப் படகுக்குப் பலகை அடிக்கத் தெரியும், போட்டதைக் குறை சொல்லாமல் சாப்பிடத் தெரியும். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று அந்த வருஷம் கிளம்பினார் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் லூசி இரண்டாம் வகுப்பிலேயே இரண்டு தடவை கணக்கில் கோட்டை விட்டவள். இன்னொரு முறை தவறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பெயர் போனால் இந்தத் தீவில், எங்கள் ஷாதிபூர்க் கரையில் என்னோடு உட்கார்ந்து மீன் கழுவிக் காயப்போட வேண்டியதுதான். என் கை நாற்றம் அவள் கையில் ஏறக்கூடாது என்று நான் மாதாவிடம் அழாத நாள் கிடையாது.

சிலேட்டைக் கண்டாலே பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். அதனால் இவர் கடற்கரையில் ஆறு சோழி பொறுக்கி வந்து, வீட்டுத் தரையில் கரியால் கட்டம் போட்டார்.

"சூதாட்டம் பழக்கவா பெத்து வச்சிருக்கோம்?" என்று கேட்டேன்.

"நீ சும்மா கெட, செல்வி. எங்க ஊர்ல தாயம் ஆடாம எவன் கணக்குப் படிச்சான்?"

இல்லாததைச் சொல்லக்கூடாது, பிள்ளை படித்தாள். "ஏழாங் கட்டத்துல நிக்க. நாலு விழுந்திருக்கு. எங்க போவ?" என்பார். விரலை மடக்காமலே "பதினொண்ணு" என்பாள். கழித்தலும் வந்தது. வாய் மேலே பார்க்கிற ஐந்து சோழியில் இரண்டைக் கவிழ்த்து மிச்சம் கேட்பார், "மூணு" என்பாள். எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் அப்பனும் மகளும் சேர்ந்து "பன்னெண்டு" என்று கத்துவார்கள். தாயத்தில் அதுதானே வழக்கம்? ஒரு சோழிகூட வாய் திறக்காவிட்டால் பன்னிரண்டு, கூடவே மறு ஆட்டமும் உண்டு. அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம்தான்.

பரீட்சையன்று வகுப்பு வாசலில் நின்றுகொண்டேன். டீச்சர் இந்தியில் கேட்கக் கேட்க லூசி டக்கு டக்கென்று சொன்னாள். பெங்காலிப் பிள்ளைகளோடு தெருவில் ஆடி வளர்ந்தவளுக்கு இந்தி ஒரு தடையா? டீச்சர் முகத்திலும் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனுக்கு இன்றைக்குச் சுறாப்புட்டு செய்து போடணும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக டீச்சர் மேஜையில் ஐந்து சாக்பீஸை வைத்து, ஐந்தையும் எடுத்துவிட்டார். "அப் கித்னா பச்சா?" மிச்சம் எத்தனை என்று கேட்டார்.

வெறும் மேஜையைப் பார்த்ததும் பிள்ளை முகம் மலர்ந்துபோனது. "பாரா" என்றாள். அதாவது பன்னிரண்டு.

டீச்சர் நிதானமாக மறுபடி கேட்டார். "பாரா, மிஸ்" என்று சொல்லிவிட்டு, சோழி வாங்குகிற மாதிரி கையை நீட்டினாள்.

மற்றதையெல்லாம் மனப்பாடம் பண்ணி அனுப்பியிருக்கிறீர்கள் என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பதறிப்போயிற்று. "நஹி மிஸ், வீட்ல சோழி வச்சு கேல்தா ஹை, தாயம்" என்று, விளையாடுவாள் என்பதைத் தெரிந்த இந்தியில் உளறினேன். கையைக் குலுக்கிச் சோழி உருட்டியும் காட்டினேன்.

"ஜூவா?" என்றார் டீச்சர். சூதாட்டமா என்று. அன்றைக்குப் புருஷனிடம் நான் கேட்ட அதே கேள்வி. அதற்குமேல் நான் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் கஸ்பார் கட்டத்துக்கு முன்னால் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார். "என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் சரியாத்தாம்ப்பா சொன்னேன். கடைசில பன்னெண்டு விழுந்துச்சு" என்றாள் லூசி. "ஆனா மறு ஆட்டம் குடுக்கலப்பா."

அவர் சோழிகளைப் பொறுக்கவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. அவரை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் பிள்ளைக்கு ஒரு மீன்கூடை எடுத்துக் கொடுத்தேன்.