இவனுக்கு நான் டிரைவரா?

1950களின் கடைசியில், ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரின் வங்கியைக் கொள்ளையடிக்க நியூயார்க்கிலிருந்து இருவர் காரில் வந்தார்கள். எல்வுட், ஹார்லெமில் கார் பழுதுபார்க்கும் கறுப்பன். ராய்ஸ், நிறவெறி மிகுந்த தென் மாநிலமான ஜார்ஜியாவில் பிறந்த வெள்ளையன். வங்கிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஆள்போல எல்வுட் உள்ளே நுழைய வேண்டும். ராய்ஸ் காரைக் கிளப்பித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

வங்கிக்கு எதிரே காரை நிறுத்தியிருந்தார்கள். எல்வுட் பின்சீட்டில் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் பையா, முன்னாடி வந்து உட்காரு. பாக்குறவன் என்னை உன் டிரைவர்னு நினைப்பான்" என்றான் ராய்ஸ்.

"எனக்கு நாற்பது வயசு. யாருடா பையன்?"

சத்தம் கேட்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். ராய்ஸிடம் குனிந்து, "என்ன சார், உங்க வேலைக்காரன் தகராறு பண்றானா?" என்று கேட்டார்.

"வேலைக்காரனா? கார் என்னுது!" என்று எல்வுட் காகிதங்களை நீட்டினான்.

போலீஸ்காரர் படித்துவிட்டு ராய்ஸைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ நீதான் இவருக்கு டிரைவரா? சம்பளமெல்லாம் ஒழுங்கா தர்றாரா?"

ராய்ஸின் முகம் செக்கச் சிவந்தது.

"இவனுக்கு நான் டிரைவரா? நாங்க பேங்க்கைக் கொள்ளையடிக்க வந்திருக்கோம்யா! என் பங்குதான் பெருசு!"

போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ராய்ஸின் இடுப்பில் துப்பாக்கியைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

அந்த ஊர்ப் போலீசிடம் ஒரே கைவிலங்குதான் இருந்தது. இருவரையும் அதில் பிணைத்தார்கள்.

"ஆமா டிரைவர்தான்னு சொல்லியிருந்தா விட்டிருப்பானேடா!" என்றான் எல்வுட்.

"என் மானம் என்ன ஆவுறது?"

எல்வுட் சிரித்த சிரிப்பில் ராய்ஸின் கையும் சேர்ந்து குலுங்கியது.