மணல் எழுப்பிய குன்று

மேலாளர் சடகோபனைக் கண்டாலே ராகவிக்குப் பற்றிக்கொண்டு வரும். மெல்பர்ன் அலுவலகத்தில் வெள்ளைக்காரர்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். தமிழ் ஆட்கள் மட்டும் 'சார்' போட வேண்டும். அப்பேர்ப்பட்ட சாருக்குத்தான் பாலைவனத்தின் அடியில் ஒரு குன்று கிடைத்திருந்தது.

லாரிகளால் தரையை அதிரவைத்து, அடியிலிருந்து திரும்பும் எதிரொலியைப் படமாக்குவது அவர்கள் தொழில். படத்தில் பாறை அடுக்குகள் ஓரிடத்தில் மேடுதட்டியிருந்தன. மேடு இருந்தால் எரிவாயு தங்கியிருக்கலாம். மனுஷன் விடுவாரா? படத்தைப் பெரிதாக அச்சடித்து, த பேசின் என்ற புறநகரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கொண்டுபோய், மகள் தாரிணி பேரில் அர்ச்சனை செய்து, மேட்டின் உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்பி வந்து சுவரில் மாட்டிவிட்டார்.

ராகவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேலே கிடக்கும் தளர்ந்த மணலில் ஒலி மெதுவாகத்தான் போகும். மணல் தடித்த இடத்தில் எதிரொலி தாமதிக்கும், மெலிந்த இடத்தில் முந்தி வரும். அந்தத் தாமதத்தைக் கழிக்காவிட்டால், மெலிந்த மணலுக்குக் கீழே இருப்பதெல்லாம் பொய்யாக எழும்பி நிற்கும். களத்தில் குழி போட்டு அளந்த மணல் தடிமன் கையில் இருந்தது. "அதையெல்லாம் போட்டு இழுக்காதே, எங்கேயும் ஒரே தடிமன்னு வச்சுக்கோ" என்று முதலில் அவளுக்கு உத்தரவு போட்ட புண்ணியவான் இவர்தான். ராகவி இப்போது அந்த அளவுகளைப் போட்டாள். குன்று தோசைக்கல்லாகத் தட்டையாகிவிட்டது.

"சார், மேலேருந்து கீழ வரைக்கும் எல்லா அடுக்கும் ஒரே இடத்துல, ஒரே அளவு எழும்பியிருக்கு பாருங்க. அது மணலோட வேலை."

"எல்லா அடுக்கும் ஒரே மாதிரி சொல்லுதுன்னா எவ்ளோ ஸ்ட்ராங் எவிடென்ஸ்!"

அட கடவுளே! இந்த மூளைக்கா ஜன்னல் வைத்த தனி அறை?

"மேடே இல்ல சார்."

"சாமிகிட்ட வச்சு எடுத்தாச்சும்மா. இனிமே அதுல கை வைக்கக் கூடாது. நாளைக்குத் தனபாலன் வந்து துளை போட ஓகே சொல்லணும். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடு. உன் பி.ஆர். பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு."

பி.ஆர்., அதாவது இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கம்பெனி ஸ்பான்சர் செய்தால்தான் அவளுக்குக் கிடைக்கும். பயத்தைவிட அருவருப்புத்தான் அதிகமாக வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள், துளை போடும் செலவில் பங்கு ஏற்கும் கூட்டாளிக் கம்பெனியிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர் தனபாலன் முன்னால் இரண்டு படங்களையும் திரையில் போட்டாள்.

"மேடு எங்கை போயிட்டுது?" என்றார் அவர்.

"இருந்ததே இல்ல சார். மணல் காட்டின பொய்."

"அப்ப முதல் படம் ஆர் செய்தது?"

சடகோபன் முந்திக்கொண்டார். "ராகவிதான். எக்ஸ்பீரியன்ஸ் பத்தாது, பாவம். நான் அப்பவே சந்தேகப்பட்டேன்."

தூ! இதுவும் ஒரு பிழைப்பா?

"ஆமா, நான்தான் செஞ்சேன். இவர் சொன்னபடியே செஞ்சேன். இந்தத் தடவை அளந்தபடி செஞ்சிருக்கேன்."

தனபாலன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "துளை வேண்டாம். நான் வாறன்" என்று எழுந்து போனார்.

கதவு மூடியதும் சடகோபன் பல்லைக் கடித்தார். "உன் பி.ஆர். இனிமே இந்தக் கம்பெனியிலேருந்து நகராது. தெரியுதா?"

"தெரியும் சார்" என்றாள் ராகவி. குரல் நடுங்கிவிட்டது. இந்த ஆளுக்கு முன்னாலா நடுங்க வேண்டும் என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.