காலிக் கட்டம்

...இல்லைன்னு சொல்லிடு, அவ்வளவுதானே, என்றார் என் வீட்டுக்காரர் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, ஏதோ நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்லச் சொல்கிற மாதிரி, அவ்வளவுதானா, நாலு மணிக்கு அந்த அம்மாள் வருவாள், தத்துக் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து, உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள், எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கேட்பாள், இதுக்கு முன்னாடி குழந்தை ஏதாவது... அந்த 'ஏதாவது'வுக்குத்தான் நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டுமாம். இங்கே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் உறுமுகின்றன, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் ஆஜர், கல்லூரியிலேயே ஏசி இருக்கிற ஒரே அறை இந்த லேப்தான், கணினி அறிமுகப் பாடத்தின் மேல் வந்த காதல் என்று ஏமாற நான் தயாரில்லை. "எல்லாரும் எக்செல் திறந்தாச்சா?" என் குரல் எப்படி இத்தனை சாதாரணமாக வருகிறது, தொண்டைக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையா, பின்வரிசையில் ஒருவன் திறந்தாச்சு மிஸ் என்று கத்துகிறான், அவன் திரையில் சீட்டாட்டம் ஓடுகிறது.

முதல் கட்டத்தில் 'மாணவர் 1' என்று அடித்து, கட்டத்தின் மூலையில் இருக்கிற சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால், மாணவர் 2, மாணவர் 3 என்று தானாக வந்து நிற்கும், வருஷா வருஷம் இந்த இடத்தில் ஒரு 'ஹை' எழும், இன்றும் எழுந்தது, நானும் ஏதோ முயலை வரவழைத்தவள் போலச் சிரித்துவைத்தேன். பத்துப் பேர், பக்கத்தில் மார்க், அதில் ரெண்டு பேர் பரீட்சைக்கு வரவில்லை, அவர்கள் மார்க்கை அழித்துவிடுங்கள், இப்போது சராசரி... கையைத் தூக்கிவிட்டான் முன்வரிசை சந்தேகப்புலி, "மிஸ், வராதவங்களுக்கு சைபர்தானே போடணும்?" இந்தக் கேள்வியும் வருஷா வருஷம் வருகிறது, பதிலும் எனக்கு மனப்பாடம், இல்லப்பா, சைபர்னா வந்து எழுதி ஒண்ணும் வாங்காம போனவன், வராதவன் கட்டம் காலியா இருக்கணும், காலியை இது கணக்குலயே சேர்க்காது, ஆள் இருந்த மாதிரியே காட்டிக்காது... கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். வந்து ஒன்றும் வாங்காமல் போனவள். வந்தாளே, வராதவள் இல்லையே அவள்.

ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள், பக்கவாட்டில் இருந்த துவாரம் வழியாக விரலை நீட்டினால் பிடித்துக்கொள்வாள், விக்கல் வரும் அவளுக்கு, அந்த உடம்புக்கு அது எவ்வளவு பெரிய விக்கல், நர்ஸ் சிரிப்பாள், அம்மாவை நினைக்கிறா போல, நான் இங்கேதானே இருக்கேன் என்பேன். பெயர்கூட வைக்கவில்லை, வீட்டுக்கு வந்து வைக்கலாம் என்றிருந்தோம். அவளில்லாமல் நான் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கென்று வைத்திருந்த அறை பளிச்சென்று இருந்தது, தொட்டில் இல்லை, போர்வை இல்லை, கட்டைவிரல் அளவு காலுறைகள் இல்லை, தரையில் ஃபினாயில் வாசனை, இவரும் நாத்தனாரும் சேர்ந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். நீ பார்த்தா தாங்கமாட்டேன்னுதான், என்றார். யார் கேட்டது தாங்கச் சொல்லி, ஒரு காலுறையையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அதற்கப்புறம் புது அக்கம்பக்கம், அவர் ஆபீஸ் ஆட்கள், கண்ணாடிக்கடைக்காரர், யார் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாலும் இவர்தான் முந்திக்கொள்வார், ஒரு மூச்சு நேரம் பேச்சை நிறுத்துவார், அப்புறம், இல்லைங்க. அந்த ஒரு மூச்சுதான் எனக்கு எரிச்சல், சொல்வது பொய், அதற்கு ஒரு ஒத்திகை வேறு.

ஆனால் நேற்று அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் கஷ்டம். "இதோ பாரு, அந்தக் கதையைச் சொன்னா நீ அழுவே. இவங்க இன்னும் அதுலேர்ந்து மீளலைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நமக்கு யாரு குழந்தை தருவா?" அழாமல் சொல்வேனா, மாட்டேன், எனக்கே தெரியும். எனக்கும் குழந்தை வேண்டும், இந்த வயதில் வெட்கமில்லாமல் வேண்டும், கடையில் யார் தோளிலாவது தூங்குகிற பிள்ளையைப் பார்த்தால் வாங்க வந்த சாமானே மறந்துபோகிறது. ஆனால் அவளை இல்லை என்று சொல்லித்தானா இன்னொன்றை வாங்க வேண்டும், நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து எனக்கு முன்னாடி யாராவது இருந்தாங்களாம்மா என்று கேட்டால், அதற்கும் இவர் ஒரு மூச்சு நிறுத்துவாரா...

"மிஸ், எனக்கு மட்டும் ஒண்ணு கூட வருது." பக்கத்தில் வந்து நின்றது தெரியவேயில்லை, இவளுக்கு நான் வைத்த பெயர் பூனை, நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் வராது. எழுதினவர்கள் எத்தனை பேர் என்று, காலியில்லாத கட்டங்களை எண்ணச் சொல்லியிருந்தேன், எல்லோருக்கும் எட்டு, இவளுக்கு ஒன்பது. குனிந்து பார்த்தேன், ரெண்டு கட்டமும் காலிதான், பளிச்சென்று காலி. ஒன்றைத் தேர்ந்து மேலே இருக்கிற பட்டையில் கிளிக் பண்ணிப் பார்த்தால், துடிக்கிற கர்சர் கோடு ஓரத்தில் இல்லை, ஒரு எழுத்து அகலம் தள்ளி நிற்கிறது. "இதை எப்படி அழிச்சே?" "ஸ்பேஸ் பார் தட்டி என்டர் அடிச்சேன் மிஸ். மார்க் போயிடுச்சே..." போயிடுச்சு, மார்க் போயிடுச்சு, அந்த இடத்தில் ஓர் இடைவெளி உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, எண்ணினால் வரும். ஒவ்வொரு வருஷமும் யாராவது இதைச் செய்வார்கள், அதற்கென்று ஒரு ஜோக்கும் வைத்திருக்கிறேன், விருந்தாளியைப் போர்வைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு வீட்ல யாருமில்லைன்னா எப்படி என்பேன், வகுப்பே சிரிக்கும். இன்றைக்கு வாய் வரவில்லை. டெலீட் தட்டினால் தீர்ந்தது, விரலைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தும்விட்டேன்... எடுத்துக்கொண்டேன். "இருக்கட்டும், அப்படியே சேவ் பண்ணு." "தப்பாச்சே மிஸ்?" "தப்புதான். அடுத்த கிளாஸ்ல சொல்றேன்." பூனை என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏசியைக் குறை சொன்னேன்.

பிள்ளைகள் நாற்காலிகளைத் தாறுமாறாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், லேப் அண்ணன் ஒவ்வொரு மெஷினாக அணைத்துக்கொண்டு வருகிறார், செல்போனில் அவர், கீழே நிக்கிறேன். ஜன்னல் வழியாகத் தெரிகிறது, வண்டியின் பின் இருக்கையைக் கைக்குட்டையால் துடைக்கிறார், துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறார், படபடப்பு வந்தால் இப்படித்தான், எதையாவது துடைப்பார், அன்றைக்கு அந்த அறையையும்... படியிறங்கும்போது என்னவெல்லாமோ ஓடுகிறது, சொல்லிவிடுவதா, முழுங்கிவிடுவதா, அழாமல் சொல்லப் பழகிக்கொள்ளலாமா, படிக்கட்டு முடிவதற்குள் எதைப் பழகுவது. "என்னங்க, வந்து ரொம்ப நேரமாச்சா?" "இல்ல, இப்பதான்," என்றார் பட்டென்று.

பட்டென்று. நான் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறப் போனவள் அப்படியே நின்றேன், இந்த 'இல்ல'வுக்கு முன்னால் மூச்சு எதுவும் நிற்கவில்லையே, சாப்பிட்டாச்சா, இல்ல, குடை எடுத்தீங்களா, இல்ல, நாளெல்லாம் எத்தனை 'இல்ல' சொல்கிற மனுஷன், ஒன்றுக்கும் நின்றதில்லையே, அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தானே நிற்கும்... பொய்க்கு ஒத்திகை என்று எனக்கு யார் சொன்னது, நானே சொல்லிக்கொண்டதுதானே, இத்தனை வருஷத்தில் அந்த மூச்சில் என்னங்க இருக்கு என்று ஒரு தடவையாவது கேட்டேனா, அவருக்கும் அந்த விக்கல் கேட்குமோ அப்போது. "என்ன, ஏறலையா? மணியாகுது," என்றார். ஏறினேன். அவர் முதுகு விறைப்பாக இருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, நாலு மணிக்கு அந்த அம்மாள் கேட்பாள், இவர் நிறுத்துவார், அந்த ஒரு மூச்சுக்குள் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டால்... "கெட்டியாப் பிடிச்சுக்கோ, ரோடு மோசம்," என்றார் அவர்.