எதிர்ப்பக்க சர்வீஸ் ரோடு

பட்டம்மாள் திருப்புட்குழிக்கு ஒரு டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் மெஷினிலிருந்து கையை எடுத்தார்.

"இது வேலூர் வண்டிமா. பாலத்து மேலயே போயிடும். உங்க ஊர்ல நிக்காது."

"எப்பவும் நிக்குமேப்பா."

"அது பாலம் வர்றதுக்கு முன்ன. இப்ப டவுன் பஸ்தான் கீழ போவுது. கேட்டு ஏறக் கூடாதா?"

கேட்க அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை. பூந்தமல்லியில் ஒரு அடுக்குமாடியைப் பெருக்கித் துடைக்கும் வேலை. சூப்பர்வைசர் விட்டதே மதியத்துக்கு மேல்தான். வேலூர் என்ற பலகையைப் பார்த்ததும் ஏறிவிட்டாள்.

"அந்தப் பாலத்துக்குக் கம்பி கட்டுனதே எங்க அண்ணன்தாம்பா" என்றாள்.

"அப்ப அவர்கிட்ட சொல்லி நடுவுல ஒரு படிக்கட்டு வெச்சிருக்கலாமே."

பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவருதான் செத்துட்டாரு. பொழுதோட எடுக்குறாங்க. மொகம் பாக்கத்தான் போய்க்கினு இருக்கேன்."

சிரிப்பு நின்றது. கண்டக்டர் டிரைவரிடம் போய்ப் பேசினார். பாலத்தின் மேல் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் மோதிவிடுவான், பாலம் இறங்கியதும் ஓரங்கட்டுகிறேன் என்றார் டிரைவர். அவரால் ஆனது அவ்வளவுதான்.

பாலத்தின் மேல் போகும்போது ஊர் தெரியவில்லை. பக்கச்சுவர்தான் தெரிந்தது.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பறைச் சத்தம் கேட்டது. ஊர் சாலைக்கு அந்தப் பக்கம். இடையில் ஆறு வழி, நடுவே இரும்புத் தடுப்பு. கடக்க வேண்டுமானால் பாலத்தடி வரைக்கும் திரும்பி நடக்க வேண்டும். அதற்குள் எதிர்ப்பக்க சர்வீஸ் ரோட்டில் பாடை வந்துவிட்டது. அந்த ரோட்டைத் தாண்டினால் சுடுகாடு. பெண்கள் அங்கே போவதில்லை.

தங்கை மகன் சத்யராஜ் போன் செய்தான்.

"பெரிம்மா, எங்க கீற?"

"எதுத்தாப்லதான்டா. செவப்புப் பொடவ."

"ஐஸ் பெட்டி மக்கர் பண்ணிடுச்சு பெரிம்மா. ஒடம்பு தாங்காதுன்னு தூக்கிட்டாங்க. நான் எவ்ளோவோ சொன்னேன்."

"வந்துக்கினேதான்டா இருந்தேன்."

"இரு, நிக்கச் சொல்றேன். அங்கருந்தே பாத்துடு."

தூக்கியவர்கள் நின்றார்கள். பாடையைச் சாலைப் பக்கம் திருப்பி, கொஞ்சம் சாய்த்துக் காட்டினார்கள். ஒரு கன்டெய்னர் லாரி போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இடைவெளியில் சாமந்திக் குவியல் தெரிந்தது. அதற்குள் முகம் எது, துணி எது என்று பிரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஒரு பஸ் மறைத்தது.

போனில் யாரோ ஒரு ஆள் கத்துவது கேட்டது. "பொணத்த ரோட்டுல நிறுத்தி எவ்ளோ நேரம்டா வேடிக்க காட்டுவ? தோளு விட்டுப்போவுது."

"பெரிம்மா, மாமா மொகம் தெரியுதா?"

பஸ் போய், மறுபடி லாரி.

"தெரியுதுடா" என்றாள் பட்டம்மாள். "நல்லா தெரியுது. எடுத்துக்கினு போங்க."