லீவு தராதவர்

அப்பாவின் அடையாள அட்டையைத் தேடி, மகள் அந்தத் துணிப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். டெப்போவில் அவர் அலமாரியில் இருந்ததையெல்லாம் மேனேஜர் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூக்குக்கண்ணாடி, பாதி கரைந்த சோப்பு, கிரீஸ் படிந்த இரண்டு சட்டைகள். சட்டைக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு ஒன்று.

எல்லாம் லீவு விண்ணப்பங்கள். பதினோரு வருடத்துக்குப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் அப்பாவின் குண்டு எழுத்து, 'குடும்பத்துடன் மலைப்பயணம்' என்ற காரணம், அடியில் அவர் கையெழுத்து. மேனேஜர் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் மட்டும் பதினொன்றிலும் காலி. மேலே இருந்தது வருகிற வெள்ளிக்கிழமைக்கானது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுக் காலை பஸ்ஸுக்கு அடியில், கையில் ஸ்பானரோடு சாய்ந்துபோன மனிதர் அவர். ஒரு வருடமாவது விட்டிருக்கக் கூடாதா?

கூடத்தில் அம்மா அப்பாவின் உடலுக்குத் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "அந்த மேனேஜர் வரட்டும், நாலு பேர் முன்னாடி கேக்கறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பையோடு வந்த மேனேஜரை மகள்தான் வாசலிலேயே மடக்கி இந்தப் பின்னறையில் உட்காரவைத்திருந்தாள்.

காகிதக் கட்டை மேனேஜர் மடியில் போட்டாள். "இதுக்கு என்ன சார் சொல்றீங்க?"

மேனேஜர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது.

"இதுல ஒண்ணுகூட என் மேஜைக்கு வரலையேம்மா."

"பொய் சொல்லாதீங்க சார்."

"நான் யாருக்கும் லீவு இல்லன்னு சொன்னதே கிடையாது. டெப்போவுக்கே தெரியும். வெளிய நிக்கிறாங்களே, யாரை வேணா கேளு." குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா மூணு மாசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுவாரு. ரயில் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் ஜன்னல், எத்தனை குகை. அதனாலதானே 'டைம்டேபிள்'னு பேரு வச்சோம்! தேதி நெருங்கினா கப்சிப். போன வருஷம் நானே கேட்டேன், லெட்டர் குடுய்யான்னு. 'போயிட்டு வந்துட்டா அப்புறம் பேச என்ன சார் இருக்கு'ன்னு சிரிச்சாரு."

மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை போனார்கள். நான்கு நாளும் விடாத மழை. ஒழுகும் அறை, ஈரத் துண்டு, சின்னச் சின்னதற்கெல்லாம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை. திரும்பும் ரயிலில் மூவரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடமே அப்பா மறுபடி மேஜையில் வரைபடத்தை விரித்தார். அந்த மாதங்களில் அவருக்குக் கால் தரையில் பாவாது. அம்மா ஸ்வெட்டரை வெயிலில் போடுவாள், இருவரும் ஜன்னல் சீட்டுக்குப் பொய்ச்சண்டை போடுவார்கள். கடைசியில், "மேனேஜர் கையெழுத்துப் போடமாட்டேங்கறான்" என்று ஒரு சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். அம்மா அந்த மேனேஜரைக் கரித்துக்கொட்டுவாள். பிறகு அவரைச் சமாதானப்படுத்த அவளே அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச்செடுப்பாள்.

அப்பாவின்மீது கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இது தெரிந்தால் அம்மா அவரை இன்னொரு தடவை இழப்பாள்.

"சார், அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க."

"அப்ப நான்தான் லீவு குடுக்கலன்னு ஒத்துக்கணுமா? என் ஆளுங்க அத்தனை பேரும் நிக்கிறாங்கம்மா. இருக்கிறதே அந்த ஒரு நல்ல பேருதான்."

அவள் காகிதக் கட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அவளால் கணிக்க முடியவில்லை.

கூடத்துக்குள் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. சுவரோரம் டெப்போக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், காக்கிச் சட்டையோடு. அம்மா எழுந்திருக்கவில்லை.

"வாங்க. இப்ப நிம்மதியா?"

"அம்மா..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. பதினோரு வருஷம் சார். பெட்டியைக் கட்டிக் கட்டிப் பிரிச்சேன். ஒரு வாரம் விட்டா உங்க பஸ்ஸெல்லாம் நின்னா போயிருக்கும்?"

மேனேஜர் தன் ஆட்களை ஒருமுறை பார்த்தார்.

"என் தப்புதாம்மா" என்றார். "ஆள் பத்தல, ஆள் பத்தலன்னே சொல்லி நிறுத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

சுவரோரம் யாரோ செருமினார்கள். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தப்போகிறாள் என்று மகள் நினைத்தாள். ஆனால் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"இந்த வெள்ளிக்கிழமைக்காவது குடுத்தீங்களா?"

இதை மகளும் எதிர்பார்க்கவில்லை, மேனேஜரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மகளை ஒருமுறை பார்த்தார்.

"குடுத்தாச்சும்மா. நேத்துக் காலையிலதான் கையெழுத்துப் போட்டேன். வேலை முடிஞ்சு வரட்டும், சொல்லிக்கலாம்னு..."

"அவருக்குத் தெரியாதா அப்ப?"

"தெரியாதும்மா."

அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். குனிந்து, அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு அவர் காதருகே, தூங்குகிறவரை எழுப்புவது போல, "ஏங்க, லீவு கிடைச்சிருச்சாம்" என்றாள்.

டெப்போக்காரர்களில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.